தண்ணீர் கேட்காத செடிகள்

அண்ணன் இருந்தார். அண்ணி இருந்தார். தம்பி இருந்தான். தம்பி பெண்சாதி இருந்தாள். மொரப்பூரிலிருந்து தாய்மாமன் வந்திருந்தார். மேட்டு வீட்டுப் பெரியப்பா வந்திருந்தார். அவர் எங்கள் பங்காளி. ஊரில் யார் வீட்டில் பாகம் பிரித்தாலும் அவர் உட்காராமல் நடக்காது. நான் சமையல் அறை வாசற்படியில் நின்றேன். பெரியப்பா தலைகளை எண்ணிவிட்டு ஆறு டீ வாங்கி வரச் சொன்னார்.

அம்மாவின் காரியம் முடிந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்குப் பக்கம். நிலம் ஆளுக்குப் பாதி. கிணறு பொது. வீட்டின் முன் பாதி அண்ணனுக்கு, பின் பாதி தம்பிக்கு. அண்ணன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். பண்டிகைக்கு வருவார். தம்பி ஊரிலேயே இருந்து விவசாயம் பார்க்கிறான். பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று டவுனில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சை அங்கே யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். ஐந்தாவது வரை படித்த கையெழுத்து.

எங்கள் பக்கம் பாகம் பிரிக்கும்போது மரத்தையும் சேர்த்துப் பிரிப்பார்கள். தென்னை எத்தனை, புளி எத்தனை என்று கணக்கு. அது முடிந்து கொல்லையில் இருந்த கறிவேப்பிலைக்கு வந்தார்கள். அது நான் வைத்தது.

"அத எனக்கு வுட்டுடுங்க மாமா" என்றேன். அன்றைக்கு நானாகக் கேட்டது அது ஒன்றுதான்.

"மரத்த மட்டும் எப்புடிம்மா வுடுறது? மரம் நிக்குற எடம் யாருதோ அவுங்களுதுதான் மரம். நாளைக்கு நீ ஒரு கொத்து ஒடிக்கப் போவ. எங்கொல்லையில ஒனக்கு என்னா வேலைன்னு கேப்பாங்க. வம்பு எதுக்கு?"

இடம் தம்பியுடையது. மரமும் அவனுக்குப் போனது.

மேற்குப் பக்கத்து அறை எனக்கு. பத்தடிக்கு எட்டடி. அம்மா நெல் மூட்டையும் கடலைக்காய் மூட்டையும் அடுக்கி வைத்திருந்த அறை. மண் சுவர், மேலே சிமெண்டுப் பூச்சு. வடக்கே ஒரு சின்ன ஜன்னல். நான் இருக்கும் வரை அதில் இருந்துகொள்ளலாம் என்று பேச்சு. அதை எழுதவில்லை. கூடப் பிறந்தவர்களுக்குள் எழுத்து எதற்கு என்று அண்ணன் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மாமா மட்டும் கடைசியில் ஒன்றைச் சேர்த்தார்.

"சுவத்துக்குச் சேதாரம் வராமப் பாத்துக்கம்மா. தெக்குச் சுவரு ஒனக்கும் தம்பிக்கும் ஒரே சுவரு. ஒன்னால அது எறங்குச்சுன்னா அவன் வூடும் சேந்து எறங்கும். அப்புடி ஆச்சுன்னா ரூம்பு அவனுக்குத்தான்."

"சரிங்க மாமா" என்றேன்.

அந்த அறையை விட்டால் எனக்குப் போக இடம் கிடையாது. கல்யாணம் ஆகாதவள். வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. அதனால் மாமா சொன்னதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டேன். சுவர் நன்றாக இருக்கும் வரை நான் இருக்கலாம்.

அடுத்த வைகாசிக்குள் தம்பி கொல்லைக்குச் சிமெண்டு போட்டான். கறிவேப்பிலையை வெட்டிவிட்டார்கள். இலை உதிர்ந்து குப்பை சேருகிறது என்று தம்பி பெண்சாதி சொன்னாள். அதற்குப் பிறகு நான் ஜன்னலைத் திறந்தால் சிமெண்டுதான். மத்தியானத்தில் அதன் சூடு உள்ளே வரும்.

எனக்குப் பூப் பறிக்கிற வேலை. சாமந்தி, குண்டுமல்லி, எந்தப் பூ ஓடுகிறதோ அது. விடியும் முன்னே தோட்டத்தில் இருக்க வேண்டும். பூ தர்மபுரி மார்க்கெட்டுக்குப் போய்விடும். வெயில் ஏறுவதற்குள் நான் அறைக்கு வந்துவிடுவேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு டிரங்குப் பெட்டி. படுத்தால் சுவர் தெரியும். எழுந்தால் ஜன்னல் வழியாகச் சிமெண்டு தெரியும். காலையெல்லாம் அடுத்தவர் செடியைத் தொட்டுவிட்டு வந்து அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் ஒரு யோசனை வந்தது. மரம் நிற்கிற இடம் யாருடையதோ அவர்களுடையது மரம். சரி. சட்டியில் இருக்கிற மண் யார் பாகத்தில் வரும்? யார் பாகத்திலும் வராது. சட்டி என்னுடையது, அறைக்குள் இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் துளசி வைத்தேன். பழைய எண்ணெய் டின்னில் ஓட்டை போட்டு வைத்தேன். பிறகு பத்து மணிப் பூ. பிறகு தோட்டத்துக்காரர் கொடுத்த ரோஜா ஒன்று. மூன்றுமே நிலத்துச் செடி. வெயில் வேண்டும். துளசி இலையைக் கொட்டியது. பத்து மணிப் பூ நூல் மாதிரி நீண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடந்தது. பூக்கவே இல்லை. ரோஜாவுக்கு வெறும் முள்தான் மிஞ்சியது.

நானும் நிலத்தில் செய்கிற மாதிரியே செய்தேன். வாடினால் தண்ணீர். இன்னும் வாடினால் இன்னும் தண்ணீர். மாட்டுச் சாணம் கரைத்து ஊற்றினேன். மூடின அறையில் சாணம் நாறியது, ஈ மொய்த்தது. டின்னுக்கு அடியில் தண்ணீர் இறங்கித் தரையில் வட்டமாகக் கறை பிடித்தது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார்கள். வேர் அழுகிப் போகிற அளவுக்கு ஊற்றத் தண்ணீர் இருந்தால் அது அதிர்ஷ்டம் என்று நினைக்கிற ஊர்.

தம்பி பெண்சாதி ஏதோ கேட்க வந்தவள் அந்தக் கறையைப் பார்த்தாள்.

"அக்கா, தண்ணி ஊத்தி ஊத்தித் தரையெல்லாம் ஊறுது பாருங்க. இப்புடியே போனா சுவரும் ஊறிடும்."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு மாமா சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கே மூன்று டின்னையும் தூக்கிக் கொண்டுபோய்த் தோட்டத்து வரப்பில் கொட்டினேன். கறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. மேலே பெட்டியை நகர்த்தி வைத்தேன்.

செடி வேண்டாம் என்று இருந்திருக்கலாம். முடியவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

தர்மபுரி பைபாஸில் ஒரு நர்சரி இருக்கிறது. பச்சை வலைப் பந்தல். கார்க்காரர்கள் நிறுத்தி வாங்குவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வரும்போது பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். ஒரு தடவை இறங்கிவிட்டேன். நர்சரிக்காரர் என்னைவிட வயது குறைந்தவர். தொப்பி போட்டு, கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றார். கூலிக்கு ஆள் கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தார். செடி வேண்டும் என்றேன்.

"என்னா செடிங்கக்கா?"

"சாவாத செடி."

அவர் சிரித்தார். வெயில் எப்படி வரும் என்று கேட்டார். வராது என்றேன். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊற்ற முடியும் என்றார். ஊற்றினால் சுவர் ஊறும் என்று வீட்டில் சண்டை வரும், ரொம்ப ஊற்ற முடியாது என்றேன். இடம் எவ்வளவு என்றார். சொன்னேன்.

"அப்ப பிளாஸ்டிக் செடிதாங்க ஒங்களுக்குச் சரி. தண்ணி வேணாம், வெயிலு வேணாம். தூசு தட்டுனாப் போதும்."

"அது எந்தம்பி பொண்டாட்டி வெச்சிருக்குறா. அதுக்கே தூசு தட்ட ஆளில்ல."

அதற்கும் சிரித்தார். பிறகு குழாயை மூடிவிட்டுப் பந்தலின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வெயிலே படாத இடத்தில் ஒரு வரிசை இருந்தது. முதலில் காட்டியது பாம்புச் செடி. இலை கத்தி மாதிரி நேராக நிற்கும். பக்கத்தில் பரவாது. அதிலேயே குட்டை ஜாதி ஒன்று, ஒரு சாண் உயரம்கூட இல்லை, ரோஜாப் பூ விரிந்த மாதிரி அடுக்கடுக்காக இலை. மறந்து போய்த் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது என்றார். அடுத்தது ஒரு செடி, பேர் இசட் இசட் என்றார். இலை எண்ணெய் தடவின மாதிரி மினுக்கும். மண்ணுக்குள்ளே உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்கு இருக்குமாம். அதில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம்.

"நீங்க ஊருக்குப் போய் ஒரு மாசம் கழிச்சு வந்தாக்கூட அப்புடியே இருக்குங்க."

"நான் ஊருக்குப் போறதில்ல" என்றேன். "இது எவ்வளவு ஒசரம் வளரும்?"

"வளராதுங்க. வருசத்துக்கு ஒரு குச்சி வுட்டா அதிசயம்."

"அது போதும்."

அவருக்கு அது விளங்கவில்லை. வாங்க வருகிறவர்கள் எல்லாம் சீக்கிரம் வளருமா என்றுதான் கேட்பார்களாம். எனக்கு வளரக் கூடாது. வளர்ந்தால் கண்ணில் படும். கண்ணில் பட்டால் பேச்சு வரும். இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு, கேட்காமல், சிந்தாமல், நாறாமல் பச்சையாக இருந்தால் போதும்.

அன்றைக்கு இரண்டு வாங்கினேன். பிறகு கூலி மிஞ்சும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். வாங்குவதற்கு முன் அவரைச் சிலது கேட்பேன். ஜன்னலுக்கு எதிர்மூலையில் வைத்தால் இருக்குமா. பூச்சி வருமா. இலை கொட்டுமா. கொட்டும் என்றால் அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுவேன். பூக்கிற செடி எதையும் தொட்டதில்லை. பூக்க வெயில் வேண்டும். பூவை நான் காலையில் பார்க்கிற அளவு போதும்.

மண்ணை அவர் சொன்னபடி மாற்றினேன். எங்கள் நிலத்துச் செம்மண்ணைக் குறைத்து மணலும் தேங்காய் நார்த் தூளும் கலந்தேன். சாணம் கிடையாது. சட்டிக்கு அடியில் பெயிண்ட் டப்பா மூடியை வைத்து அதில் கூழாங்கல் பரப்பினேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைப்பேன். தெற்குச் சுவர்ப் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் வடக்கே, ஜன்னல் பக்கம். உயரமான பாம்புச் செடி கட்டில் தலைமாட்டில். குட்டையானவை ஜன்னல் கட்டையில். உத்தரத்தில் அம்மா கூடை மாட்டி வைத்திருந்த கொக்கி ஒன்று இருந்தது. அதில் ஒரு ஸ்பைடர் செடியைத் தொங்கவிட்டேன். வெள்ளையும் பச்சையுமாகக் கோடு போட்ட இலை. குட்டிகளை நூலில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி விடும். தரையில் இடம் பிடிக்காது.

தண்ணீரை நாள் பார்த்து ஊற்றுவதில்லை. சட்டியைத் தூக்கிப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் கனக்கும். காய்ந்துவிட்டால் வெறும் சட்டி மாதிரி இருக்கும். அப்போதும் அடுத்த நாள் இன்னொரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன். ஒரு டம்ளர். மூடியில் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுவேன்.

அப்படி ஒன்பது சட்டி ஆயின. உயரப் பாம்புச் செடி ஒன்று. குட்டை இரண்டு. இசட் இசட் ஒன்று வாங்கினேன், கிழங்கைப் பிரித்து இரண்டாக்கினேன். தோட்டத்துக்காரர் வீட்டிலிருந்து ஒடித்து வந்த மணி பிளான்ட், பாட்டிலில் இரண்டு. இலை கட்டை விரல் மாதிரி இருக்கிற ஜேட் ஒன்று. ஸ்பைடர் ஒன்று. ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி பெண்சாதி ஒரு தடவை எட்டிப் பார்த்து, ரூம் ஏசி போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். அது நல்ல காலம் என்று இப்போது தெரிகிறது.

ஸ்பைடர் செடிக்கு மட்டும் இலை நுனி காவியாக ஆரம்பித்தது. முதலில் ஒரு இலை. பிறகு எல்லா இலையும், நுனியில் துருப்பிடித்த மாதிரி. வெட்டிவிட்டேன். மறுபடியும் வந்தது. ஒரு இலையை ஒடித்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன்.

"என்னா தண்ணிங்கக்கா ஊத்துறீங்க?"

"போர் தண்ணி."

"அதாங்க. நம்ம பக்கத்துப் போர் தண்ணி இந்தச் செடிக்கு ஆவாது. பல்லுல கறை புடிக்குதில்ல, அந்த மாதிரி இதுக்கு நுனி..."

என் வாயைப் பார்த்தவர் நிறுத்திக்கொண்டார். குழாயை வேறு பக்கம் திருப்பினார்.

"சொல்லுங்க தம்பி. தெரிஞ்சதுதான்" என்றேன்.

மழைத் தண்ணீர் இல்லையென்றால் ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அன்றைக்கு ஒரு சின்னச் சட்டி சும்மா கொடுத்தார். வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தேன்.

என் பல் காவிப் பல். சின்ன வயதில் குடித்த தண்ணீர் அப்படி. எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான். என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்து, காப்பி குடித்து, ஊர்க் கதை பேசி, கடைசியில் பெண்ணைச் சிரிக்கச் சொல்வார்கள். அம்மா என்னைச் சிரிக்காதே என்று சொல்லித்தான் அனுப்புவாள். ஆனால் வந்தவர்களுக்கும் விஷயம் தெரியும். நல்லம்பள்ளிப் பக்கம் என்றால் சிரிக்கச் சொல்லாமல் போக மாட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மா, பெண் நல்ல நிறம்தான், வேலையும் செய்வாள் போலத்தான் இருக்கிறது, பிறக்கிற பிள்ளைக்கும் இந்தப் பல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். தண்ணீரால் வந்தது, ரத்தத்தால் வந்ததில்லை என்று அப்பா சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு எழுந்து போனாள். சில வருஷம் அப்படி வந்தார்கள். பிறகு வரவில்லை.

அண்ணனுக்கும் தம்பிக்கும் அதே பல்தான். ஒரே கிணறு, ஒரே குடம். அவர்களைப் பெண் வீட்டில் யாரும் சிரிக்கச் சொல்லவில்லை.

இப்போது ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. தினமும் வராது. வருகிற குழாய் தம்பி பாகத்தில் இருக்கிறது. வரும்போது எனக்கு ஒரு குடம். குடிக்க, சோறாக்க அதுதான். அதிலிருந்து ஒரு டம்ளரை ஸ்பைடர் செடிக்கு ஊற்றினேன். புது இலை சுத்தமாக வந்தது. நுனிவரை பச்சை. தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இதற்கு மட்டும் தண்ணீரை மாற்றினால் சரியாகிவிடுகிறது.

தம்பி பெண்சாதி அதைப் பார்த்துவிட்டாள்.

"நாங்க குடிக்கற தண்ணிய நீங்க செடிக்கு ஊத்துறீங்க."

"ஒங்க தண்ணி இல்லம்மா. எனக்குக் குடுத்ததுலதான் ஊத்துறேன்."

"கொழா எங்குளுதுதானக்கா. குடிக்கறதுக்குன்னுதான குடுக்குறோம். மிஞ்சுதுன்னா கொறச்சுக்கலாமில்ல."

அடுத்த தடவை அரைக் குடம் வந்தது. அதற்கடுத்த தடவையும் அரைக் குடம். கூரைத் தண்ணீர் பிடிக்கலாம் என்றால் கூரைச் சொட்டு விழுகிற இடமும் தம்பி பாகம். ஸ்பைடரை என்னோடு பூப் பறிக்கிற ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். அவள் வீட்டில் குழாய் இருக்கிறது. அதோடு ஒரு பாடம். நல்ல தண்ணீர் கேட்கிற செடியும் என்னால் முடியாது. மற்றவை போர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தன. சட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். சுரண்டி எடுத்துவிடுவேன். எட்டு சட்டி.

பிறகு தம்பி பாத்ரூம் கட்டினான். தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டியே. சுவரை வெட்டி உள்ளே பைப் விட்டார்கள். இந்தப் பக்கம் என் அறையில் மண் கொட்டியது. கூட்டி அள்ளினேன். டைல்ஸ் போட்டு, ஷவர் வைத்து, கதவு மாட்டினார்கள். அந்த வருஷ மழை முடிந்து மாசி வந்துவிட்டது. வெளியே மண் எல்லாம் வெடித்துக் கிடந்தது. என் தெற்குச் சுவரில் அடியிலிருந்து ஈரம் ஏறியது. முதலில் ஒரு முழம். பூச்சு உப்பி உப்பிக் கொட்டியது. கையை வைத்தால் குளிர்ந்தது.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பைப் ஒழுகுகிறது போல என்றேன். அவன் சுவரைப் பார்த்தான். பிறகு செடிகளைப் பார்த்தான். அந்த வாரமே மாமாவுக்குப் போன் போனது.

அண்ணன் வந்தார். தம்பி இருந்தான். மாமா வந்தார். பெரியப்பா வந்தார். அண்ணி வரவில்லை. தம்பி பெண்சாதி அவள் பக்கமே இருந்துகொண்டாள். நான்கு ஆண்கள் நின்றதும் என் அறை நிறைந்துவிட்டது. ஒருவர் கால் ஒரு சட்டியில் இடித்தது. நான் வாசலில் நின்றேன். இந்தத் தடவை எல்லோருக்கும் நான்தான் டீ போட்டேன்.

பெரியப்பா குனிந்து சுவரை விரலால் சுரண்டினார். மண் பிசைந்த மாவு மாதிரி வந்தது. துண்டில் துடைத்துக்கொண்டார். நான் உள்ளே போய் ஒவ்வொரு சட்டியாகத் தூக்கிக் காட்டினேன். அடியில் மூடி, மூடிக்கு அடியில் தரை. தூசு இருந்தது. ஈரம் இல்லை. வடக்குச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மாமா தொட்டார். காய்ந்து கிடந்தது. செடி இருந்த பக்கம் அது. செடியே இல்லாத பக்கம்தான் ஊறியிருந்தது.

அந்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம். பிறகு பைப்புக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம். சுவரோடு காதை வைக்க வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே கேட்டது. நான்கு பேருக்கும் கேட்டது. மாமா தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பக்கம் ஒருக்கா பாத்துடலாங்களா பெரியப்பா" என்றேன்.

தம்பி முந்திக்கொண்டான். "டைல்ஸ் போட்டது அக்கா அது. ஒரு சொட்டு எறங்காது."

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. செடிகளைப் பார்த்தார்.

"இத்தன செடிய ரூம்புக்குள்ள வெச்சிருந்தா ஈரம் இருக்கத்தாம்மா செய்யும்" என்றார்.

அவருடைய நிலத்துக்கு டிராக்டர் போகிற தடம் தம்பி பாகத்து வழியாகத்தான் போகிறது. எனக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகு பேச்சு சுவரைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டும். பிரித்தால் அறையில் ஆள் இருக்க முடியாது. அதுவரை எங்கே வைப்பது. நான் கட்டில் மாதிரி, பெட்டி மாதிரி. அண்ணன் தன் பாகத்தில் மாடிக்குப் படிக்கட்டு கட்டி வைத்திருந்தார். மாடி இன்னும் வரவில்லை, படிக்கட்டு மட்டும் நின்றது.

"பாப்பா, படிக்கட்டுக்கு அடியில எடம் சும்மாத்தான் கெடக்குது. எம்பாகம்தான், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ரெண்டு பக்கமும் செவுரு எழுப்பித் தகரக் கதவு போட்டுத் தரேன். சுவரு காயுற வரைக்கும் அங்க இருந்துக்க."

அண்ணன் இன்னமும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நல்லதுக்குச் சொல்கிறோம் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

"சுவரு காஞ்சதும் திரும்பி வந்துடட்டுங்களா மாமா?"

"மொதல்ல காயட்டும்மா" என்றார் மாமா.

டீ டம்ளர்களை வாங்கிக் கழுவினேன். அரைக் குடத்தில் அன்றைக்கு மிச்சம் இல்லை.

படிக்கட்டுக்கு அடியில் ஒரு பக்கம் நிற்கலாம். நடுவில் குனிய வேண்டும். கடைசியில் முழங்கால் உயரம்தான். கட்டில் போகவில்லை. பாய்தான். ஜன்னல் கிடையாது. ஒரு பல்பு. கதவைத் திறந்து வைத்தால் தெரு தெரியும், தெருவுக்கும் நான் தெரிவேன். அதனால் சாத்தியே வைத்திருப்பேன். மேலே யாராவது ஏறினால் தலைக்கு மேல் நடக்கிற மாதிரி இருக்கும்.

மறுபடியும் செடி பொறுக்க வேண்டி வந்தது. இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. எட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜேட்டுக்குக் கொஞ்சமாவது வெளிச்சம் வேண்டும். பல்பு போதாது. அதை நர்சரிக்குக் கொண்டுபோனேன். எதற்குத் திருப்பித் தருகிறீர்கள் என்று அவர் கேட்டார். இடம் இல்லை என்றேன். பத்தடி அறை என்றீர்களே என்றார். அது மாறிவிட்டது என்றேன். பந்தலில் ஒரு ஓரமாக வைத்துவிட்டு, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இன்னும் போகவில்லை.

சாமான் மாற்றுகிற அன்று தம்பி பெண்சாதி ஒத்தாசைக்கு வந்தாள். பாத்திரங்களைத் தூக்கிக் கொடுத்தாள். மணி பிளான்ட் பாட்டில் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது பாத்ரூம் ஜன்னலுக்கு நல்லாருக்கும்க்கா. ஈரத்துல நல்லா வருமாமே. நீங்க அங்க எங்க வெப்பீங்க?"

"எடுத்துக்கம்மா" என்றேன்.

எடுத்துக்கொண்டாள். இப்போது அது ஷவர் பைப்பில் சுற்றிக்கொண்டு ஜன்னல் முழுக்க ஏறியிருக்கிறது. இலை ஒவ்வொன்றும் கை அகலம். வருகிறவர்களுக்கு எல்லாம் காட்டுகிறாள். அந்தச் சுவரில்தான் ஏறியிருக்கிறது. சுவர் ஊறும் என்று யாரும் சொல்லவில்லை.

மிச்சம் ஐந்து. அதை உள்ளே கொண்டுவந்தேன். உயரப் பாம்புச் செடியைக் கதவோரம், நிற்கிற பக்கம். குட்டை இரண்டையும் முழங்கால் உயரத்துக் கோடியில். இசட் இசட் இரண்டும் தலைமாட்டில். பல்பை முன்னைவிட அதிக நேரம் எரியவிட்டேன். அண்ணன் ஓசூரிலிருந்து போன் செய்து, கரண்ட் பில் கூடியிருக்கிறது, என்னவென்று பார் என்றார். அதன் பிறகு சமைக்கும்போது மட்டும் போடுகிறேன்.

சுவர் காயவில்லை. காய விடவும் இல்லை. பாத்ரூமை ஒட்டின பாகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிரித்தார்கள், மறுபடி எழுப்பவில்லை. என் அறையும் தம்பி வீடும் ஒன்றாகிவிட்டன. நான் கட்டில் போட்டிருந்த இடத்தில் பைக் நிற்கிறது. வடக்கு ஜன்னலை அடைத்துவிட்டார்கள். பெட்டி இருந்த இடத்தில் தரையில் அந்தப் பழைய வட்டக் கறை அப்படியே இருந்தது. தம்பி அதை மாமாவுக்குக் காட்டியிருக்கிறான். பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறான். மாமா ஒன்றும் சொல்லவில்லை என்று என்னோடு பூப் பறிக்கிறவள் சொன்னாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் வீட்டு ஸ்பைடர் குட்டிமேல் குட்டியாக விட்டிருக்கிறதாம். ஒன்று தரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

காலையில் எழுந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துச் சட்டிகளைத் தூக்கிப் பார்ப்பேன். கனக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று. கோடியில் வைத்த குட்டைச் செடிகள் இரண்டும் அடியில் மெத்தென்று ஆகி, தொட்டதும் இலை இலையாகக் கையோடு வந்துவிட்டன. அந்த இடத்தில் இப்போது அரிசி டப்பா வைத்திருக்கிறேன். பாம்புச் செடியின் நுனி கதவில் இடித்து ஒடிந்திருக்கிறது. ஒடிந்த இலை வளராது, ஆனால் சாகவும் இல்லை. இசட் இசட் வாங்கி வைத்த மாதிரியே இருக்கிறது. புதுக் குச்சி விடவில்லை. வேலைக்குப் புறப்படும் முன் எண்ணிவிட்டுக் கதவைச் சாத்துவேன்.

மூன்று.